நகோயாவில் இரண்டு நிமிடம்

ஒசாக்கா விமான நிலையத்தில் குடிவரவு முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எங்கள் மனேஜர் தன்னுடைய தோல் பையின் வாயைத் திறந்து பிடித்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கோயில் உண்டியலில் காணிக்கை போடுவதுபோல் ஒருவர் பின் ஒருவராக வந்து பாஸ்போட்டைப் போட்டார்கள். நானும் போட்டேன். அவர் சிப்பை இழுத்து மூடி, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

எங்களுக்காகச் சின்ன மஞ்சள் கொடியோடு காத்து நின்ற ஜப்பானிய வழிகாட்டிப் பெண்மணி இதைப் பார்த்துத் திகைத்துப்போனார். இந்த நாட்டில் வெளிநாட்டவர்கள் அவரவர் பாஸ்போட்டை அவரவரே வைத்திருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். மனேஜர் சிரித்தார். துபாயிலும் இவர்களுடைய பாஸ்போட் என்னுடைய அலமாரியில்தான் இருக்கிறது, இவர்களுக்கு அதுதான் பழக்கம், நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றார். பெண்மணி எங்களைப் பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினோம். இப்போது நினைத்தாலும் எனக்கு விசர் வரும். ஒரு மனிதனுக்கு அவனுடைய பாஸ்போட் கையில் இருந்தால்தான் நெஞ்சு படபடக்கும் என்றால், அவனை எந்த அளவுக்குப் பழக்கியிருக்க வேண்டும்!

நாங்கள் துபாயில் மின்சாதனம் விற்கும் கொம்பனி ஒன்றின் ஆட்கள். தெய்ராவில் கடை, அல் கூஸில் கிடங்கு. கிடங்குக்கு நான் பொறுப்பு. ஒரு ஜப்பானியத் தயாரிப்பாளரின் ஏசியை அந்த வருடம் நாங்கள் மலை மலையாக விற்றுத் தள்ளியதால், அவர்கள் மகிழ்ந்துபோய் எங்கள் ஊழியர்களுக்கு ஜப்பான் சுற்றுலா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒசாக்காவில் இறங்கி, நாரா, கியோத்தோ கோயில்களைப் பார்த்து, புல்லட் ரயிலில் டோக்கியோ போய்த் திரும்புவது. மனேஜர் மதுரைப் பக்கம். வந்தவர்களில் என்னைத் தவிர மற்ற எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் யாழ்ப்பாணம். அதனால் என் பெயர் அந்தக் கொம்பனியில் யாருக்கும் தெரியாது. என்னைச் 'சிலோன்' என்பார்கள். நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு மனேஜர் எனக்கு இன்னொரு பெயரும் வைத்தார். காலையில் பேருந்தில் ஆட்களை எண்ணும்போது, "புலி வந்தாச்சா? ஏறிடுச்சா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். புலிக்கு அந்த நேரம் ஊரில் வீடும் இல்லை, போக வழியும் இல்லை.

எனக்கு ஜப்பானின் கோயிலும் வேண்டாம், குளமும் வேண்டாம். ஊரிலே இல்லாத கோயிலா? நான் அந்தச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தது என் தம்பிக்காக. அவன் நகோயாவில் இருந்தான். மீசை அரும்பாத வயதில், மொழி படிக்கிற விசாவில் ஒரு ஏஜென்சிக்காரன் அவனை ஜப்பானுக்கு அனுப்பினான். படிப்பும் முடிந்தது, விசாவும் முடிந்தது, அவன் திரும்பவில்லை. பழைய வாகனங்களை உடைத்து நசுக்குகிற ஒரு யார்ட்டில் வேலை. பொலிஸ் பிடித்தால் நேரே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், யார்ட், அறை, பக்கத்துக் கடை, இவ்வளவுதான் அவனுடைய ஜப்பான். அவன் போனபின் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. போனில் குரல் மட்டும்தான்.

எங்கள் அப்பா செத்தபோது அந்தச் செய்தியை நான்தான் அவனுக்குப் போனில் சொன்னேன். வேறு யார் சொல்வது? அவன் யார்ட்டில், இரும்பை நசுக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றபடி போனை எடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவன் 'ஓம்' என்றான். போனை வைத்துவிட்டுத் திரும்பவும் வேலையைத் தொடங்கியிருக்கிறான். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டன. வைத்தியசாலைக்குப் போனால் பிடிபட்டுவிடுவான் என்று, அவனோடு வேலை செய்த ஒரு பாகிஸ்தான்காரர் யாரோ தெரிந்த மருத்துவரிடம் கூட்டிப்போய்த் தைத்திருக்கிறார். இனிமேல் சாவுச் செய்தி எதையும் இவனுக்குப் போனில் சொல்வதில்லை என்று அன்றைக்கு நான் சத்தியம் பண்ணினேன்.

பிறகு அம்மா செத்தா. சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த நேரம். என்னாலும் போக முடியவில்லை. ஊரில் இருந்த சித்தப்பா கொள்ளி வைத்தார். நான் அல் கூஸ் கிடங்கில் ஏசிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். தம்பிக்குச் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை இருந்து பார்க்கட்டும். ஊரோடு அவனுக்குப் போன் தொடர்பு இல்லை, செய்தி எல்லாம் என் வழியாகத்தான். கிழமைக்கு ஒருதரம் அவன் எடுப்பான். "அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்தாச்சே?" என்று கேட்பான். செய்தாச்சு என்பேன். "இப்ப வடிவாத் தெரியுதாமே?" தெரியுதாம் என்பேன். எரிந்து சாம்பலாகிப்போன மனுசிக்கு நான் கண் ஒப்பரேசன் செய்து, கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். "உன்னைத்தான் கேட்டவா" என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுப் பொய். பொய்யிலே அம்மா நல்ல சுகமாக இருந்தா. அவவை நேரே அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் சாகடிக்க வேண்டும், பக்கத்தில் மெசின் எதுவும் இருக்கக்கூடாது. ஜப்பான் சுற்றுலா என்று கேட்டதும் எனக்கு வந்த நினைப்பு அது ஒன்றுதான்.

நாராவில் இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டு மேசையில் மனேஜரிடம் போய் நின்றேன். அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைத் தயிரில் குழைத்துக்கொண்டிருந்தார். "சேர், எனக்கு ஒரு அரை நாள் வேணும். நகோயாவில தம்பியைப் பாத்துப்போட்டு, டோக்கியோவுக்குப் பின்னால வாறன். பாஸ்போட்டை மட்டும் தாங்கோ" என்றேன்.

"பாஸ்போர்ட்டா?" அவர் கரண்டியை வைத்தார். "யோவ், உன் பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டு எம்பசிக்காரன் என்ன கேட்டான் தெரியுமா? சிலோன்காரன் திரும்பி வருவான்னு யார் கேரண்டின்னு கேட்டான். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உன் தம்பி எப்படி இருக்கான்? விசா இருக்கா?"

நான் ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்தேன்.

"பார்த்தியா. அண்ணனும் தம்பியும் சேர்ந்து அங்கேயே செட்டில் ஆயிடுவீங்க. நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

அப்போதுதான் அந்த மனுசனுக்கு இரக்கம் வரும் என்று நம்பி, அவ்வளவையும் சொன்னேன். அப்பா செத்ததை, விரல் போனதை, அம்மா செத்ததை, போனில் சொல்ல முடியாததை எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில் வழிகாட்டிப் பெண்மணியைக் கூப்பிட்டு, ரயில் நகோயாவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். இரண்டு நிமிடம்கூட இல்லை என்றார் பெண்மணி.

"போதுமே!" என்றார் மனேஜர். "உன் தம்பியை பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லு. நீ இறங்கக் கூடாது, கதவுக்குள்ள நின்னு பேசு. 'அம்மா போயிட்டாங்க.' ரெண்டு வார்த்தை. ரெண்டு நிமிஷமே ஜாஸ்தி."

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது என்று ஊரில் சொல்வார்கள். அந்த எலி என்ன நினைத்துக்கொண்டு நிற்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஒன்றையும் நினைக்காது. பையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். என் பாஸ்போட் அந்தப் பைக்குள் இருந்தது, பை அவருடைய வயிற்றின்மேல் இருந்தது.

நான் தனியே வழிகாட்டிப் பெண்மணியைப் பிடித்துக் கேட்டேன். நீங்கள்தானே பாஸ்போட்டை நாங்களே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னீர்கள், அதை அவருக்கு இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன். அவர் மிகவும் வருத்தமாகக் கேட்டார். குழுத் தலைவர் சம்மதிக்காமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். இடுப்பை வளைத்து என்னை வணங்கினார். மன்னியுங்கள் என்று திரும்பவும் வணங்கினார். எனக்கு அந்த வணக்கத்தைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் ஒரு உதவி செய்தார். ரயிலில் எங்கள் பெட்டியின் எண் என்ன, அதன் கதவு பிளாட்பாரத்தில் எந்தக் கோட்டுக்கு நேரே வந்து நிற்கும் என்று சொல்லித் தந்தார். ஒரு சாண்கூடத் தவறாது என்றார்.

அன்றைக்குப் பகல் பெரிய புத்தர் கோயில். நல்ல உயரமான மரக் கூடம், அதற்குள் மலை மாதிரிப் புத்தர். பின்பக்கத்தில் ஒரு தூணின் அடியில் ஓட்டை ஒன்று இருந்தது. புத்தரின் மூக்குத்துவாரமும் அதுவும் ஒரே அளவாம், அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் ஞானம் கிடைக்குமாம். சின்னப் பிள்ளைகள் மீன்குஞ்சு மாதிரி நுழைந்து நுழைந்து வந்தார்கள். மனேஜர் எங்களையும் நுழையச் சொன்னார். "ஞானம் வேண்டாம், இன்கிரிமென்ட் வேணும்கிறவன் எல்லாம் வரிசையில நில்லுங்க" என்றார். பகிடிதான். ஆனால் ஒருவன்கூட வரிசையில் நிற்காமல் விடவில்லை. கடையில் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், நல்ல பருத்த உடம்பு, பாதியில் மாட்டிக்கொண்டார். தலையும் ஒரு கையும் இந்தப் பக்கம், மிச்சம் எல்லாம் அந்தப் பக்கம். மனேஜர் அவருக்கு முன்னால் குந்தியிருந்து படம் எடுத்தார். அந்த மனுசன் மூச்சுத் திணறிக்கொண்டே படத்துக்குச் சிரித்தார். கடைசியில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள்தான் காலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து எடுத்தார்கள்.

என் முறை வந்தது. நான் மெலிந்த ஆள், லேசாக நுழைந்தேன். வெளியே தலையை நீட்டியபோது மனேஜரின் சப்பாத்து என் முகத்துக்கு முன்னால் இருந்தது. "பார்த்தீங்களாடா, புலி எந்தப் பொந்துலயும் பூந்து வெளிய வந்துடும். ரயில்ல கண்ணு வைக்கணும்" என்றார். அந்த இடத்திலேயே தஞ்சாவூர்க்காரரை எனக்குக் காவலாக நியமித்தார். "இவன் இறங்கினா, நீ துபாய்ல இறங்க வேண்டாம், நேரா திருச்சிக்குப் போயிடு." தஞ்சாவூர்க்காரர் சட்டையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டு சரி சார் என்றார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை என்றால் பொய். பொந்துக்குள் அகப்பட்டவனுக்குப் பொந்துக்குள் அகப்பட்டவன்தான் காவல்.

ஹோட்டல் போனிலிருந்து தம்பிக்கு எடுத்தேன். இரண்டு நிமிடம்தான் என்றேன். அவன் சந்தோசத்தில் கத்தினான். "அண்ணை, ரண்டு நிமிசம் காணும். நான் வாறன். கோட் போட்டுக்கொண்டு வாறன், அப்பத்தான் பொலிஸ் பாக்காது." பாகிஸ்தான்காரரிடம் ஒரு கோட் இருக்கிறதாம், அவருடைய கல்யாணக் கோட். நான் ரயில் பெட்டியின் எண்ணையும், பிளாட்பாரத்தில் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவன் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினான். வைக்கும்போது, "அம்மாவின்ர படம் இருந்தாக் கொண்டுவா, கண்ணாடி போட்ட படம்" என்றான்.

அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன். சொல்வதில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு தாயைச் சாகடிக்க முடியாது. அவனைத் தொடுவேன், முகத்தைப் பார்ப்பேன், அவ்வளவுதான். அம்மா இன்னும் கொஞ்ச நாள் பொய்யிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். பேருந்தில் பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்க்காரரிடம் இதைச் சொன்னேன். "அதுதாண்ணே சரி" என்றார். "பார்த்தாலே போதும்ணே."

கியோத்தோவில் தங்கக் கோயில் பார்த்தோம். குளத்தோரத்தில் தகதகவென்று நின்றது. எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, சோறு ஆக்கும் மின்சாரக் குக்கர் எங்கே விற்கும் என்று வழிகாட்டியைத் துளைத்து எடுத்தார்கள். அசல் ஜப்பான் குக்கர், ஜப்பானிலேயே வாங்கியது என்றால் ஊரில் எவ்வளவு மரியாதை! வழிகாட்டி எதையோ சொல்லத் தொடங்கினார், ஒருவரும் காது கொடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு, மூன்று என்று அள்ளினார்கள். அந்த நாட்டின் கரண்ட் நூறு வோல்ட், எங்களுடையது இருநூற்றிருபது. மின்சாதனம் விற்றுப் பரிசு வாங்கிய கூட்டத்தில் ஒரு பயல் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வளைகுடாவில் இருந்து ஊருக்குப் போகிறவர்களுடைய பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கயிறு போட்டு இறுக்கி, நான்கு பக்கமும் டேப் சுற்றி, மார்க்கர் பேனாவால் பெயரும் மாவட்டமும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கியோத்தோ ஹோட்டல் வரவேற்பறையில் குந்தியிருந்து எங்கள் ஆட்கள் குக்கர்களை அப்படிக் கட்டினார்கள். சிவகங்கை, பெரம்பலூர், இராமநாதபுரம். பெரிய சூட்கேசுகளை வழிகாட்டி முன்னாலேயே லொறியில் டோக்கியோவுக்கு அனுப்பியிருந்தார். அட்டைப் பெட்டிகளை ஒருவரும் கொடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டுமாம்.

ரயிலில் ஏறியதும் அவ்வளவு பெட்டிகளையும் கதவடியில் அடுக்கினார்கள். நெஞ்சளவுக்கு வந்தது. வழிகாட்டிப் பெண்மணி பதறிப்போனார். கதவை மறைக்கக் கூடாது, நகோயாவில் இந்தக் கதவுதான் திறக்கும் என்று கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். "யாரும் இறங்கப் போறதில்லையே மேடம். ரெண்டு நிமிஷம்தானே" என்றார் மனேஜர். என்னைப் பார்த்துக் கண்ணையும் சிமிட்டினார். நான் பெட்டிகளை நகர்த்தப் போனேன். இராமநாதபுரத்துப் பெட்டியின் சொந்தக்காரர், "ஏய் சிலோன், உடைச்சுடாதய்யா" என்று வந்து தடுத்தார். நகர்த்துவதற்கு இடமும் இல்லை.

ரயில் வேகம் குறையும்போதே நான் கதவடிக்குப் போய்விட்டேன். தஞ்சாவூர்க்காரர் பின்னால் வந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டு என் பெல்ட்டைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் நான் என் தம்பியைப் பார்க்கப் போய் நின்றேன்.

பிளாட்பாரக் கோட்டுக்கு நேரே கதவு திறந்தது. கோட்டுக்கு நேரே அவன் நின்றான். ஒரு சாண் தவறவில்லை. தலை பாதி நரைத்துப்போயிருந்தது. பாகிஸ்தான்காரர் நல்ல ஆகிருதியான ஆளாக இருக்க வேண்டும், அந்தக் கல்யாணக் கோட்டுக்குள் இவன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது. கையில் ஒரு பை. அப்பாவின் முகம் அப்படியே. "அண்ணை!" என்றான். சிரித்தான். ஐயோ, அந்தச் சிரிப்பு! ஊரில் மாங்காய் களவெடுத்துக்கொண்டு வரும்போது சிரித்த அதே சிரிப்பு.

அவனுக்குப் பின்னால் ஏற வந்த சனம் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த கதவுக்கு ஓடியது. அவன் பெட்டிகளுக்கு மேலால் கையை நீட்டினான். நான் எட்டிப் பிடித்தேன். மூன்று விரல். அவ்வளவு காலமும் கேள்விப்பட்டது மட்டும்தான், தொட்டபோதுதான் எனக்கு விளங்கியது. "மெலிஞ்சுபோனாய் அண்ணை" என்றான். "நீயும்தான்ரா" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. பின்னால் என் பெல்ட் இழுபட்டது.

"அம்மா எப்பிடி இருக்கிறா?" என்றான்.

"சுகமா இருக்கிறா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் எட்டிச் சாய்ந்ததில் மேலே இருந்த பெட்டி ஒன்று சரிந்து, தஞ்சாவூர்க்காரரின் காலில் விழுந்தது. அவர் ஐயோ அம்மா என்று ஒற்றைக் காலில் துள்ளினார். உள்ளே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மனேஜர் என்னை விலக்கிக்கொண்டு வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னய்யா, இன்னும் சொல்லலையா?" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தலையை வெளியே நீட்டி, "தம்பி! உங்க அம்மா இறந்துட்டாங்க. அதைச் சொல்லத்தான் உங்கண்ணன் வந்திருக்காரு. சரியா? வரட்டுமா?" என்றார்.

மணி அடித்தது. என் கையை மனேஜர் இழுத்து உள்ளே போட்டார். கதவு மூடியது. தம்பி அதே சிரிப்போடு நின்றான். பையைத் தராமல் விட்டுவிட்டோமே என்பதுபோல் அதைத் தூக்கிக் காட்டினான். ரயில் நகர்ந்தது. அவனும் அந்தக் கல்யாணக் கோட்டும் பிளாட்பாரத் தூணும் பின்னால் போயின.

"பாரம் இறங்குச்சா?" என்று மனேஜர் என் முதுகில் தட்டினார். "நான் மட்டும் வரலைன்னா நீ மென்னு முழுங்கிட்டே நின்னிருப்பே."

"நீங்கள் மனிசனே, சேர்?" என்றேன். எனக்கு வாயில் வந்தது வேறு. கோதாரியில் போவான், நாசமறுப்பான், எல்லாம் வந்தது. அவர் கழுத்தில் அந்தப் பை தொங்கியது.

"உதவி பண்ணினா இப்படித்தான்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு அவர் தன் இருக்கைக்குப் போனார். தஞ்சாவூர்க்காரர் என் பெல்ட்டை அப்போதுதான் விட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. காலில் பெட்டி விழுந்ததாலோ என்னவோ.

டோக்கியோவில் இருந்து தம்பிக்கு எடுத்தேன். போன் போகவில்லை. அவனுடையது முன்கூட்டிக் காசு கட்டும் போன், அடிக்கடி செத்துப்போகும். செத்துப்போனது போன்தானா என்று நினைத்து நினைத்து எனக்கு அந்த நகரத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை. சிவப்புக் கூண்டு விளக்குத் தொங்கும் கோயில் வாசலில் குழுப் படம் எடுத்தார்கள். கொம்பனியின் பெயர் எழுதிய துணியை என் கையில் தந்து முன்வரிசையில் குந்த வைத்தார்கள். அந்தப் படம் தெய்ரா அலுவலகத்தில் கனகாலம் தொங்கியது. அதில் மனேஜர் என் தோளில் கை வைத்திருக்கிறார்.

துபாய் விமான நிலையத்தில், முத்திரை குத்தி முடிந்ததும் பை திரும்பவும் திறந்தது. போட்டோம். அடுத்த நாளே குக்கர்கள் எரியத் தொடங்கின. ஊருக்குக் கொண்டுபோக முன்னம் ஒருமுறை பார்ப்போம் என்று எங்கள் ஆட்கள் தங்கும் கேம்பில் சொருகியவர்களுக்கு அறை முழுக்கப் புகை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கிழமை கழிந்து, முற்பகலில், அல் கூஸ் கிடங்கில் நின்றபோது என் போன் அடித்தது. தம்பி. போனுக்குப் புதுக் காட் போட்டிருக்கிறானாம். குரல் வழமைபோலத்தான் இருந்தது. பின்னால் தடதடவென்று சத்தம். நான் ஏசிப் பெட்டி ஒன்றின்மேல் இருந்துவிட்டேன்.

"அண்ணை, உன்னோட நிண்ட அந்த ஆள் ஆர்?" என்றான்.

"எங்கட மனேச்சர்."

"என்ன மனிசன் அந்தாள்? அம்மாவை வைச்சே பகிடி விடுறது? பின்னால நிண்டவங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கள். நானும் விசரன் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். பிறகு றூமுக்கு வந்துதான் யோசிச்சன், உதென்ன பகிடி எண்டு. எனக்குச் சரியான கோவம் அண்ணை. அம்மா அறிஞ்சா என்ன நினைப்பா? நீயும் ஒண்டும் சொல்லாம நிண்டனி."

அவன் பேசிக்கொண்டே போனான். பையில் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வைத்திருந்தானாம். கண் ஒப்பரேசன் செய்த ஆள், குளிர்காற்றுப் படக்கூடாது என்று வாங்கினதாம். தபாலில் போட்டால் ஊருக்குப் போகுமா என்று கேட்டான். தடதட என்ற சத்தம் அவன் குரலுக்குப் பின்னால் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ இப்ப எங்க நிக்கிறாய்?" என்றேன்.

"வேலையில."

"மெசினுக்குப் பக்கத்திலையே?"

"ஓம். ஏன்?"

"அதை நிப்பாட்டு. நிப்பாட்டிப்போட்டுத் தள்ளி வந்து, எங்கயாவது கீழ இரு."

அவன் ஏன் என்று இரண்டாம் முறை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தடதட என்ற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.